தோர்மத் கேட்கப் பழகிய கேள்வி

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் இன்றைக்கு மனநலச் செவிலியர் தோர்மத் மக்கைவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய பழைய நீல வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பதில்லை. அக்கம்பக்கத்தாரும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. நாற்பத்தைந்து வயதுவரை அவர் பயணிகள் கப்பலில் கயிறு கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தவர்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறார் என்று தெரிந்த அன்று கப்பலில் ஒரே கூத்து.

"மனநல ஆஸ்பத்திரிக்கா போற? உள்ள படுக்கவா, வெளிய நிக்கவா?" என்றான் இயந்திர அறை டோனி.

"எதுவா இருந்தா என்னடா, ரெண்டு பக்கமும் மூணு வேளை சாப்பாடு உண்டு."

"இந்த வயசுல பரீட்சை எழுதுவியா நீ? உன் கையெழுத்தைப் பாத்தா கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

"கோழி கிண்டினாலும் புழு கெடைக்குதுல்ல," என்றார் தோர்மத்.

அவர் போனதற்குக் காரணம் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நவம்பர் காலை. பின்தளத்தில் ஒரு பயணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றிருந்தான். மேல்சட்டைகூட இல்லை. தோர்மத் தன் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார். இரண்டரை மணி நேரம். பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும், அதுவும் கடற்பறவைகளைப் பற்றி. துறையில் அவனைக் கூட்டிப்போக அக்கா வந்திருந்தாள். அவள் செவிலியர். விஷயம் கேட்டதும் தோர்மத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவன்கிட்ட கேட்டீங்களா, சாகப் போறியான்னு?"

"அதெப்படிங்க கேக்கறது?"

"அதைத்தான் கேக்கணும். மத்ததெல்லாம் நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஆறு வருஷம் ஜெபத்தில் வைத்திருந்து, பிறகு செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினார்.

வகுப்பில் அவரைச் சுற்றிப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். மருந்துப் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையவில்லை. ராத்திரியில் படித்ததைக் காலையில் குளிக்கும்போது தொலைத்துவிடுவார். ஆனால் ஒரு நாள் ஆசிரியை எல்லாரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, மூன்று நிமிஷம் பேசாமல் ஒருவரோடு ஒருவர் இருங்கள் என்றார். பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம் தாங்கவில்லை. ஒருத்தி சிரித்தாள், ஒருத்தன் முடியைக் கோதினான், இன்னொருத்தி 'உங்களுக்கு நாய் பிடிக்குமா' என்று கேட்டேவிட்டாள். தோர்மத் மட்டும் மலை மாதிரி, ஆனால் முகத்தில் இளக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தபோது எதிரே இருந்த பெண், "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா நான் எங்க அப்பாவைப் பத்திச் சொல்லியிருப்பேன்," என்றாள். அசையாமல் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் கேட்டு வளர்ந்த உடம்பு. கர்த்தர் அவருக்கு அந்தப் பொறுமையைச் சிறுவயதிலேயே கொடுத்துவிட்டார்.

கேட்பது இருக்கிறதே, அதுதான் வரவில்லை. தீவில் யாரும் நேராகக் கேட்பதில்லை. கடன் கேட்கப் போனவன்கூட முதலில் காற்றைப் பற்றிப் பேசுவான், அப்புறம் ஆட்டைப் பற்றி, அப்புறம் உன் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி. கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் வந்த காரியத்தைச் சொல்வான். ஒரு நடிகையை நோயாளியாக உட்காரவைத்து, அவளிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கச் சொன்னார்கள். தோர்மத் சிவந்துபோய், தொண்டையைச் செருமி, "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு," என்றார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். அறைக்குப் போய் முழங்காலில் நின்று, கேட்க ஒரு வாய் தாரும் ஆண்டவரே என்று மன்றாடினார்.

இரண்டாம் வருஷம் வேலைப்பயிற்சிக்கு அவரைச் சொந்தத் தீவுக்கே அனுப்பினார்கள். வீடு வீடாகப் போகும் செவிலியர் பெர்னடெட்டின் கீழ் பன்னிரண்டு வாரம். பெர்னடெட் கிளாஸ்கோ நகரத்துக்காரி, கத்தோலிக்கப் பெண், வயது இருபத்தொன்பது. வாய் நீளம், மனசு அதைவிட நீளம். முதல் நாளே அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"நான் கயிறு கட்டினவன்மா. கேப்டன் இல்ல."

"எனக்குக் கப்பல்ல இருந்த எல்லாரும் கேப்டன்தான். ஏறுங்க, வண்டியை நான் ஓட்டறேன்."

செவ்வாய்க்கிழமைதோறும் அவர்கள் ஆங்கசீனாவைப் பார்க்கப் போனார்கள். அறுபத்துமூன்று வயது. கம்பளி நெய்கிறவர். வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகை. கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் தோர்மத் வாசலில் நின்றதும் ஆங்கசீனா கேட்ட கேள்வி, தீவில் எல்லாரும் கேட்கிற கேள்விதான்:

"நீ யாரு வீட்டுப் பையன்?"

"கடைக்காரர் காலம்னு இருந்தாரே, அவர் மகன்ங்க."

"அடடே, காலம் மகனா! உங்கப்பன் எனக்குச் சர்க்கரையை எடை குறைச்சுத்தான் கொடுப்பான். உள்ள வா ராசா."

அதற்குப் பிறகு பேச்சு தங்குதடையில்லாமல் ஓடியது. ஆங்கசீனா தீவின் கேலிக் மொழியில் பேச, தோர்மத் பெர்னடெட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, மூன்று பேரும் சிரித்துக்கொள்வார்கள். மேசை நிறையத் தட்டையப்பமும் பாலாடைக்கட்டியும் இருக்கும். ஆங்கசீனா நின்றுகொண்டே பரிமாறுவார், தான் ஒரு துண்டும் எடுக்கமாட்டார். வீட்டுக்காரி நின்று பரிமாறுவது அங்கே மரியாதை. தோர்மத் மூன்று அப்பம் சாப்பிட்டுவிட்டு நாலாவதற்கு வெட்கப்படுவார். ஆங்கசீனாவின் பாவாடை இடுப்பில் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அதையும் பார்த்தார். நெய்கிறவர்கள் உடம்பெல்லாம் ஊக்கும் ஊசியும் இருப்பது புதிதா என்று விட்டுவிட்டார்.

திருவிருந்துக் காலம் நெருங்கியது. வியாழன் தொடங்கித் திங்கள்வரை ஐந்து நாள் ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன்னே வந்து அப்பமும் திராட்சரசமும் எடுப்பவர்கள் சபையில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட, எனக்கு அந்தத் தகுதி வரவில்லை என்று சாகும்வரை பின்வரிசையிலேயே இருந்துவிடுவார்கள். தோர்மத்தும் இருபது வருஷமாக அப்படித்தான். ஆனால் ஆங்கசீனா முப்பது வருஷமாக அந்த மேசைக்குப் போகிறவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆங்கசீனா சொன்னார்: "இந்தத் தடவை நான் மேசைக்குப் போகல. எனக்குத் தகுதி இல்ல."

வண்டியில் ஏறியதும் பெர்னடெட் கேட்டாள். "கேப்டன், இது என்ன பேச்சு? எங்க கோயில்ல வாராவாரம் நானே வாங்கறேன், என் லட்சணத்துக்கு. இந்தம்மா தகுதி இல்லங்கறாங்க. இது நோயா?"

தோர்மத் சிரித்தார். "இதை நோய்னு சொன்னா தீவுல பாதிப்பேருக்கு மாத்திரை கொடுக்கணும். முன்னாடி ஒரு டாக்டர் மெயின்லேண்டுல இருந்து வந்தார். எங்க சபையில ஒரு நல்ல மனுஷன், நான் பாவின்னு சொன்னதுக்கு அவரைப் பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரில படுக்க வச்சுட்டார். ஊரே இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கும்."

"அப்ப இது சாதாரணம்தானா?"

"ரொம்பச் சாதாரணம்."

அன்றைய குறிப்பில் தோர்மத் தன் கையால் எழுதினார்: 'திருவிருந்துக்குத் தகுதியில்லை என்கிறார். இவ்வூர்ச் சபையாரின் வழக்கமான எண்ணம். நோயின் அறிகுறி அல்ல.' பெர்னடெட் கீழே கையெழுத்துப் போட்டாள். வெளியாள் எவருக்கும் வராத தெளிவு தனக்கு வந்திருக்கிறது என்று தோர்மத்துக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சங்கீதம் ஏறி இறங்க, மேசைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் நடந்தார்கள். தோர்மத் பின்வரிசையில் இருந்தபடி ஆங்கசீனாவைத் தேடினார். முன்னே இல்லை. சரி, பின்வரிசைகளில் இருப்பார் என்று இருபக்கமும் பார்த்தார். பின்னாலும் இல்லை. மாடத்திலும் இல்லை.

ஆராதனை முடிந்து வாசலில் ஆங்கசீனாவின் பக்கத்து வீட்டு ஷோனக்கைப் பிடித்தார்.

"ஆங்கசீனா வரலையா?"

"உடம்பு முடியலையாம். இந்த வருஷம் விருந்தாளியே வேண்டாம்னுட்டாப்பா! வருஷா வருஷம் திருவிருந்துக்கு வடக்குல இருந்து வர்ற ரெண்டு பேரும் என் வீட்டுலதான் கெடக்காங்க. நேத்துக் கதவைத் தட்டினேன், தொறக்கல. உள்ள இருந்தே குரல் கொடுத்தா."

"என்ன குரல்?"

"என்ன குரல்னா? குரல்தான்." ஷோனக் கொஞ்சம் யோசித்தாள். "வியாழக்கிழமையில இருந்து அவ வீட்டுப் புகைபோக்கில புகை வரலைப்பா."

தகுதியில்லை என்று சொல்கிற எல்லாரையும் தோர்மத்துக்குத் தெரியும். அவரே ஒருவர்தானே. தகுதியில்லாதவர்கள் கோயிலுக்கு வருவார்கள். பின்னால் உட்கார்ந்து அழுவார்கள். வீட்டுக்குப் போய் அடுப்பை ஊதிவிட்டு வயிறு நிறைய ஆட்டுக்கறி ரசம் குடிப்பார்கள். தகுதியின்மை இந்த ஊரில் யாருடைய சாப்பாட்டையும் நிறுத்தியதில்லை. அப்போதுதான் அந்த ஊக்கு அவர் நினைவுக்கு வந்தது. இடுப்பில் எவ்வளவு துணியை மடித்திருந்தார் அந்த அம்மா!

கால் தானாக வண்டியை நோக்கிப் போனது. நின்றுகொண்டார். மாணவன் தனியாகப் போகக்கூடாது. போனைக் கையில் எடுத்தார். எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாளில் கோயில் வாசலில் அவர் போன் பேசியதை நாலு பேர் பார்த்தார்கள்.

"கேப்டன்! இன்னிக்கு ஞாயிறுன்னு உங்களுக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியுமே," என்றாள் பெர்னடெட். அன்றைக்கு அவசர அழைப்புக்கு அவள்தான் பொறுப்பு.

"நான் தப்பா எழுதிட்டேன்மா. ஆங்கசீனாவைப் பத்தி. இப்பவே போகணும்."

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அடுப்பை அணைச்சிட்டு வர்றேன். இருங்க."

கதவு திறக்க ஐந்து நிமிஷம் ஆனது. சமையலறை அடுப்பில் எரிக்கிற கரிமண் கட்டி ஒன்றுகூட இல்லை. அந்தத் தீவில் அடுப்பு அணைந்த வீட்டைப் பார்ப்பது பிணம் கிடக்கிற வீட்டைப் பார்ப்பது மாதிரி. ஆங்கசீனா குளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அதுவும் அந்த வீட்டில் நடக்காத காரியம்.

பெர்னடெட் ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்லவில்லை. தோர்மத் பக்கமே திரும்பி, கேலிக்கில் முணுமுணுத்தார். ஆகையால் கேட்கவேண்டியது தோர்மத்தான்.

அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். காற்று பலமா இருக்கே என்றார். ஆமாம் என்றார் ஆங்கசீனா. ஷோனக்கோட ஆடு வேலி தாண்டி வந்துடுச்சு போல என்றார். ஆமாம். இந்த வருஷம் குட்டி நல்லா ஈனியிருக்கா? ஆமாம்.

பெர்னடெட்டுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஒரு வருஷத்தில் சில வார்த்தை பிடிபட்டிருந்தது. "கேப்டன்," என்றாள் மெதுவாக, "இன்னும் ஆட்டுலயேவா நிக்கிறீங்க?"

தோர்மத் முக்காலியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினார்.

"கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

"புதன்கிழமை. கொஞ்சம்."

"ஏன்?"

ஆங்கசீனா அவரைப் பார்த்தார். கண் ரெண்டும் குழிக்குள் போயிருந்தது. "அந்த மேசையில அப்பம் எடுக்கத் தகுதி இல்லாதவளுக்கு வீட்டுல ரொட்டி எதுக்கு? எல்லா ரொட்டியும் அவர் கொடுக்கறதுதானே?"

சொன்னது ஒரு பிசகும் இல்லாத கணக்கு மாதிரி இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. தோர்மத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கேட்டார்.

"நீங்க செத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா?"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. ஆங்கசீனா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானா எதுவும் செஞ்சுக்க மாட்டேன். அது பாவம். ஆனா சாப்பிடாம இருந்தா அது பாட்டுக்கு நடந்துரும்ல? அதுல என் கை இல்லையே." பிறகு சன்னமாகச் சொன்னார்: "போதகர் வந்தாரு, சபை மூப்பர் வந்தாரு. எல்லாரும் என் தாழ்மையைப் புகழ்ந்துட்டுப் போனாங்க. நீ ஒருத்தன்தான்டா கேட்ட. அதுக்கும் ஊரு ஆட்டையெல்லாம் எண்ணிட்டுத்தான் கேட்ட."

"எப்பவும் இப்படியேதான் இருக்கா, இல்ல கொஞ்சம் விடுதா?"

"காலையில ரொம்ப. சாயங்காலம் கொஞ்சம் விடும்."

தோர்மத் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. வசனம் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாவுக்கும் தெரியும். "இதை நீங்க தனியா சுமந்துட்டு இருந்திருக்கீங்க," என்று மட்டும் சொன்னார். ஆங்கசீனாவின் உதடு கோணியது. அழுகை வந்தது, சத்தமில்லாமல்.

"அம்மா, நீங்க சொன்னதை நான் இவகிட்டச் சொல்லணும்."

"வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் சொல்லுவேன்."

"பின்ன எதுக்கு என்னைக் கேக்கற?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லக்கூடாதுன்னுதான்."

ஆங்கசீனா மூக்கைச் சிந்திக்கொண்டு, சொல்லித்தொலை என்பதுபோலக் கையை அசைத்தார். தோர்மத் அவர் முன்பாகவே ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெர்னடெட் கேட்டு முடித்ததும் முழங்காலிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் கூடவே இருப்பேன் என்றாள்.

"இன்னிக்கா? ஓய்வுநாள்லயா? ஊரே கோயில்ல இருந்து நடந்து வருது. நாளைக்குப் போலாம்."

"ஓய்வுநாள்ல ஆடு சேத்துல விழுந்தா நம்ம ஊர்ல யாரும் திங்கக்கிழமை வரைக்கும் விட்டுவைக்க மாட்டோமே," என்றார் தோர்மத்.

"என்னை ஆடுங்கறியா?"

"ஆடா இருந்தா தோள்ல போட்டுட்டுப் போயிருப்பேன். இப்படிக் கெஞ்சிட்டு நிப்பேனா?"

ஆங்கசீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். தெருவில் கறுப்பு உடையில் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் குறிப்புகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஊர் வழக்கம், நோயில்லைன்னு இங்க எழுதியிருக்கே?"

"நான் எழுதினதுங்க. தப்பு," என்றார் தோர்மத். "அவங்க சொன்ன வார்த்தை ஊர் வார்த்தைதான். அதனால நான் மேல கேக்காம விட்டுட்டேன். ஊர்ல எல்லாரும் அதைச் சொல்லிட்டுச் சாப்பிடுவாங்க. இவங்க அதைச் சொல்லிட்டுச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க."

"கீழே என் கையெழுத்தும் இருக்கு," என்றாள் பெர்னடெட். "திட்டறதா இருந்தா ரெண்டா பங்கு போடுங்க."

மருத்துவர் திட்டவில்லை. பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே நாளும் நேரமும் போட்டுத் தோர்மத் திருத்தம் எழுதினார். 'முந்தைய என் குறிப்பு தவறு. அன்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.' மாணவர்கள் பொதுவாக இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில்லை. பின்னால் கல்லூரியில் அதைப் படித்த ஆசிரியை, பரீட்சையில் அவர் எழுதிய எல்லாவற்றையும்விட இந்த மூன்று வரி பெரிது என்றாராம்.

இரண்டு நாள் ஆங்கசீனாவுக்கு ஊசிவழியாகத்தான் ஆகாரம். தட்டு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு யாராவது ஊட்டினால் இரண்டு வாய் விழுங்குவார், அவ்வளவுதான். தோர்மத் காலையும் மாலையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடுங்கள் என்று ஒரு தடவையும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், காற்றையும் ஆட்டையும் விட்டுவிட்டு, முதல் வார்த்தையாக அதையே கேட்டார்: இன்னைக்கு எப்படி, சாகணும் போல இருக்கா? இருக்கு என்பார். அடுத்த வேளை, இருக்கு என்பார். மருந்து மெல்ல மெல்லத்தான் பிடித்தது. கர்த்தருடைய வேளையும் மருந்தினுடைய வேளையும் நம் அவசரத்துக்கு வருவதில்லை.

எட்டாம் நாள் காலை அவர் போனபோது ஆங்கசீனா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணம். கையில் கரண்டி. ஒரு வாய் எடுத்து, முகம் அஷ்டகோணலாக அதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எப்படிங்க? சாகணும் போல..."

"இருடா. இதைக் கொஞ்சம் தின்னு பாரு. சர்க்கரை போட்டிருக்கானுங்க. கஞ்சியில சர்க்கரை!"

தோர்மத் தின்று பார்த்தார். உண்மையிலேயே கொடுமையாக இருந்தது; தீவில் கஞ்சிக்கு உப்புதான் போடுவார்கள்.

"இதைத் தின்ன தகுதி என்ன வேண்டிக் கெடக்கு," என்றார் ஆங்கசீனா. "பாவிகளுக்குன்னே காய்ச்சின கஞ்சி. போ, சர்க்கரை போடாத கஞ்சி ஒரு கிண்ணமும் கொஞ்சம் உப்பும் கொண்டா."

தோர்மத் எழுந்து நடந்தார். வராந்தா திரும்பியதும் ஓடினார். வார்டுச் சமையலறையில் அலமாரி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டார். பின்னால் இருந்து அந்த அம்மாவின் குரல், தறிக் கொட்டகையிலிருந்து பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிற பழைய குரல், வார்டு முழுக்கக் கேட்டது:

"எவ்வளவு நேரம்டா! பசிக்குது!"